தெப்பத்தில் வந்த நான்கு குடும்பங்கள்

மடகாஸ்கர் காட்டில் நான்கு கால் பாலூட்டி ஒன்று எதிர்ப்பட்டால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் ஒரு விஷயத்தைத் துணிந்து சொல்லலாம். மனிதர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த மாடு, பன்றி, நாய், வீட்டெலி வகையறாக்களில் ஒன்றாக அது இல்லையென்றால், அந்தப் பிராணிக்கு உலகில் வேறு சொந்த ஊர் கிடையாது. தரையில் நடக்கிற, மரத்தில் தாவுகிற பாலூட்டிகளில் இதற்கு விதிவிலக்கே இல்லை.

இந்தியாவில் இப்படிப் பேச முடியாது. நம் புலி ரஷ்யாவிலும் இருக்கிறது. நம் சிறுத்தை ஆப்பிரிக்கா முழுக்கத் திரிகிறது. நீலகிரி வரையாடு, சிங்கவால் குரங்கு, கருமந்தி என்று நமக்கே உரியவற்றைப் பெருமையோடு தனியே எடுத்துச் சொல்கிறோம். மடகாஸ்கரில் அப்படித் தனியே எடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு பரப்புள்ள தீவு அது. சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர். உலகின் நான்காவது பெரிய தீவு. மொசாம்பிக் கால்வாயின் குறுகலான இடத்தில் ஆப்பிரிக்கக் கரை 400 கிலோமீட்டர் தூரம்தான். அந்தக் கரையில் யானை, சிங்கம், வரிக்குதிரை, பபூன் குரங்கு எல்லாம் உண்டு. இந்தக் கரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பூனைக் குடும்பமும் நாய்க் குடும்பமும் இயற்கையாக இங்கு வந்து சேரவில்லை. மான் இல்லை, அணில்கூட இல்லை. அவை இருந்திருக்க வேண்டிய இடங்களையெல்லாம் நிரப்பியிருப்பவை நான்கே நான்கு குடும்பங்கள்: லெமூர்கள், டென்ரெக்குகள், கீரிக்கு உறவான ஊனுண்ணிகள், நெசோமைன் எலிகள். லெமூர்களில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். டென்ரெக்குகளில் முப்பதுக்கு மேல், எலிகளில் இருபத்தைந்துக்கு மேல், ஊனுண்ணிகளில் ஏறக்குறைய பத்து.

ஒவ்வொரு குடும்பமும் ஏறக்குறைய ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தது என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி. ஓர் ஊர் முழுக்க ஒரே பாட்டன் வழிப் பங்காளிகள் என்று சொல்வோமே, அந்த மாதிரி. உள்ளங்கையில் அடங்கும் லெமூரும், ஒரு காலத்தில் கொரில்லா பருமனில் அங்கு நடமாடிய லெமூரும் பங்காளிகள். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்தத் தீவில் இன்று பறிபோய்க்கொண்டிருப்பது என்ன என்று விளங்கும்.

லெமூரியாவின் சொந்தக்காரர்கள்

லெமூரியா என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. பள்ளிப் பருவத்திலேயே குமரிக்கண்டத்தோடு சேர்ந்து அது நம் காதில் விழுந்துவிடுகிறது. அந்தப் பெயரைக் கொடுத்தவை மடகாஸ்கரின் இந்த விலங்குகள் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை.

லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளராக இருந்த பிலிப் ஸ்க்ளேட்டர், 1864இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர்கள் மடகாஸ்கரில் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின் உறவினர்கள் ஆப்பிரிக்காவில் சிலர், இந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குக் கிழக்கேயும் சிலர். நடுவில் கிடப்பதோ இந்தியப் பெருங்கடல். இந்தக் கணக்கு அவருக்கு இடித்தது. ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் இணைத்த நிலப்பரப்பு ஒன்று இருந்து, பிறகு கடலுக்குள் போயிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்பதை அறிவியல் உலகம் ஏற்காத காலம் அது. இருந்த தகவலுக்கு அவர் செய்தது நேர்மையான ஊகம்தான்.

அவர் கணக்கில் நம் ஊர்த் தேவாங்கும் ஒரு சாட்சி. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரைச் சுற்றியுள்ள காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்ததே, அதே பிராணி. இரவில் விழித்து, பெரிய கண்களோடு மெல்ல நகரும் அந்தச் சிறு உடம்பு, மடகாஸ்கர் லெமூர்களுக்கு நிஜமாகவே ஒன்றுவிட்ட சொந்தம்.

ஸ்க்ளேட்டரின் ஊகம் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் கைக்குப் போய், மனித இனத்தின் தொட்டிலாக மாறியது. பிறகு கடல் கடந்து தமிழறிஞர்களிடம் வந்து, பழைய உரைகளில் பேசப்படும் கடல்கோளோடு இணைந்தது. உரைகள் சொல்லும் செய்தி வேறு, ஸ்க்ளேட்டர் தேடிய விடை வேறு. இரண்டும் ஒன்றாகக் கலந்த பிறகு, விவாதம் முழுக்கக் கண்டத்தைப் பற்றியதாகிவிட்டது. பெயர் கொடுத்த விலங்குகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் நிலத்தைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிற நாம், அதன் பெயருக்குக் காரணமானவை இன்னும் உயிரோடு இருப்பதை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது உண்மைதான். இரண்டும் சேர்ந்த நிலம் ஆப்பிரிக்காவை விட்டு விலகியது சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தனியே கழன்று வடக்கு நோக்கிப் புறப்பட்டது. உடுப்பிக்கு அருகே மால்பே கடற்கரையிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகளில் அடுக்கடுக்காக நிற்கும் எரிமலைப் பாறைத் தூண்களைப் பார்க்கலாம். அந்தப் பிரிவின்போது கொப்பளித்த குழம்பு உறைந்து நின்றது அது. ஆனால் அந்த நாளில் லெமூரும் இல்லை, தேவாங்கும் இல்லை. லெமூர்களின் மூதாதை மடகாஸ்கரில் காலடி வைத்தது சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்கின்றன மரபணு ஆய்வுகள். அப்போது அந்த நிலம் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவாகி வெகு காலம் ஆகியிருந்தது.

அப்படியானால் எப்படி வந்தன?

மிதந்து வந்தவை

பெருமழைக் காலத்தில் ஆற்றங்கரை இடிந்து, வேரோடு பிணைந்த மரங்களும் மண்ணும் கொடிகளுமாக ஒரு திட்டு அப்படியே கடலுக்குள் அடித்துச் செல்லப்படுவது வெப்பமண்டல ஆறுகளில் நடக்கிற ஒன்று. அந்தத் திட்டின் மரப்பொந்தில் ஒரு சூல்கொண்ட பிராணி இருந்தால் போதும். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்சன் 1940இல் இதைச் சொன்னார். பரிசுச் சீட்டில் பரிசு விழுவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் கையில் இருந்தால் யாருக்காவது விழத்தான் செய்யும் என்பது அவர் வாதம்.

இதற்குப் பலமான மறுப்பு ஒன்று இருந்தது. இன்றைய நீரோட்டம் மடகாஸ்கரிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறது. எதிர்நீச்சல் போட்டா தெப்பம் வரும்? 2010இல் ஜேசன் அலி, மேத்யூ ஹ்யூபர் இருவரும் நேச்சர் இதழில் பதில் தந்தார்கள். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இப்போதிருப்பதைவிடத் தெற்கே இருந்தன. பழைய கடலின் ஓட்டத்தைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தபோது, சில காலங்களில் நீரோட்டம் கிழக்கே, மடகாஸ்கரை நோக்கி வேகமாகப் பாய்ந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கரை சேர்ந்துவிடலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் வடக்கே நகர்ந்ததும் ஓட்டம் திசை மாறி, அந்த வழி அடைபட்டது. ஊனுண்ணிகளும் எலிகளும் வந்து சேர்ந்த காலமும் ஏறக்குறைய அதுதான். அதன் பிறகு தரைவாழ் பாலூட்டிகளில் நீரில் வாழப் பழகிய நீர்யானை தவிர வேறெதுவும் வரவில்லை.

இடையிடையே கடலடி முகடுகள் உயர்ந்து தற்காலிகப் பாலம் போட்டன என்று வாதிடும் நிலவியலாளர்களும் உண்டு. கென்யாவில் கிடைத்த பழைய தாடை எலும்புகளை வைத்து, லெமூர் வகையில் ஆய்-ஆய் மட்டும் தனித் தெப்பத்தில் பிந்தி வந்தது என்று 2018இல் ஒரு கட்சி எழுந்தது. விவாதம் முடியவில்லை. ஆனால் பாலம் என்று ஒன்று இருந்திருந்தால் குரங்கும் மானும் யானையும் ஏன் அதில் நடந்து வரவில்லை என்ற கேள்விக்குப் பாலக் கட்சியிடம் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. இன்றிருப்பவை எல்லாம் சிறிய உடம்புக்காரர்களின் வழித்தோன்றல்கள். அதிலும் குறிப்பான ஒரு திறமை அவற்றில் சிலவற்றிடம் இன்றும் இருக்கிறது.

மேற்கே கிரிந்தி காட்டில் கொழுப்புவால் குள்ள லெமூர் என்று ஒன்று. மழைக்காலத்தில் பழமும் தேனும் தின்று வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வறட்சி தொடங்கியதும் மரப்பொந்துக்குள் சுருண்டு, ஏழு மாதம் வரை எழுந்திருக்காது. நீள் உறக்கம் என்றால் பனி பெய்யும் நாட்டுக் கரடிக்கும் அணிலுக்கும் உரியது என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. காத்ரின் டவுஸ்மன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. வெயில் ஏற ஏற இந்த லெமூரின் உடம்புச் சூடும் ஏறுகிறது. இரவில் பொந்து குளிர்ந்தால் உடம்பும் குளிர்கிறது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 20 டிகிரி ஏற்ற இறக்கம். தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் பாலூட்டியின் அடிப்படை வேலையையே அது ஏழு மாதத்துக்குத் தள்ளிவைத்துவிடுகிறது. வாலில்லா டென்ரெக் ஒன்பது மாதம் வரை இப்படிக் கிடக்கும் என்று 2014இல் தெரியவந்தது. சோறு தண்ணி இல்லாமல் ஒரு மாதம் தெப்பத்தில் கிடக்க வேண்டுமென்றால், இதைவிடப் பொருத்தமான உடம்பு எது?

புதுச்சேரி வழியாக ஒரு செய்தி

ஆய்-ஆயை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் பியர் சொனேரா. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர். நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பது அவர் பெயர்தான். இந்தியாவும் சீனாவும் சுற்றிய தன் பயணத்தைப் பற்றி 1782இல் வெளியிட்ட நூலில் மடகாஸ்கரின் ஆய்-ஆயையும் இந்திரியையும் அவர் விவரித்தார். ஆய்-ஆயை என்னவென்று வகைப்படுத்துவது என்று அறிஞர்களுக்குப் புரியவில்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களைப் பார்த்து அணிலோடு சேர்த்தார்கள். அது லெமூர்களின் சொந்தம்தான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிலைபெற எண்பது ஆண்டு பிடித்தது.

இரண்டரைக் கிலோ எடை, கரிய கலைந்த ரோமம், தோல் மடிப்பாக விரியும் பெரிய காதுகள். இரவில் ஒரு பட்ட கிளையில் வந்து உட்கார்ந்ததும் மூக்கை மரத்தோடு ஒட்டவைத்து, நடுவிரலால் தட்டத் தொடங்குகிறது. அந்த விரல் மற்ற விரல்களைப் போன்றதல்ல. எலும்பும் தோலுமாகக் கம்பி மாதிரி மெலிந்தது, எந்தப் பக்கமும் சுழலும் மூட்டு. நொடிக்கு எட்டுத் தட்டு வரை தட்டும். காதுகள் முன்னால் திரும்பிக் கேட்கின்றன. உள்ளே புழு குடைந்த பாதை இருந்தால் ஓசை மாறும். அந்த இடத்தில் பட்டையைப் பல்லால் பெயர்த்து, துளைக்குள் விரலை விட்டுப் புழுவைக் கொக்கிபோட்டு இழுத்துவிடும். மரங்கொத்தி என்ற பறவையே மடகாஸ்கரில் கிடையாது. அது செய்யாத வேலையை லெமூர் குடும்பத்தில் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படி, வராதவர்களின் இடத்தை வந்தவர்களின் பிள்ளைகள் நிரப்பியதுதான் அந்தத் தீவின் கதை. புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் வேட்டையாட வந்தது ஃபோசா. பார்த்தால் பூனை என்றுதான் சொல்வீர்கள். உடம்பு நீளத்துக்கு வால், கணுக்காலைத் திருப்பி மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும் லாகவம், லெமூர்களே முக்கிய இரை. ஆனால் அதன் உறவு பூனையோடு அல்ல, கீரியோடு. மடகாஸ்கரின் ஊனுண்ணிகள் அத்தனையும், புனுகுப்பூனை மாதிரி இருப்பது, கீரி மாதிரி இருப்பது எல்லாம், ஒரே ஆப்பிரிக்க மூதாதையின் வாரிசுகள் என்று ஆன் யோடர் குழுவினர் 2003இல் மரபணு கொண்டு நிறுவினார்கள்.

டென்ரெக்குகளில் ஒன்று அச்சாக நம் முள்ளெலி. இன்னொன்று மூஞ்சூறு. வேறொன்று ஓடையில் நீந்தும், சவ்வுக் கால்களோடு. ஆனால் முள்ளெலிக்கும் மூஞ்சூறுக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யானையும் நம் பாக் நீரிணையின் ஆவுளியாவும் சேர்ந்த பழைய ஆப்பிரிக்கக் கொடிவழியில் வருபவை இவை. வாலில்லா டென்ரெக் ஒரே ஈற்றில் 32 குட்டிகள் வரை போடும். காட்டில் வாழும் பாலூட்டிகளில் அதற்கு மேல் அறியப்பட்டதில்லை. மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய டென்ரெக் மண்புழு தேடிக் குடும்பமாகத் திரியும்போது, தாய் தன் முதுகின் பின்பகுதியில் உள்ள தடித்த முட்களை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்பும். குட்டிகள் அதைக் கேட்டுப் பின்தொடரும். சில்வண்டு செய்கிற வித்தை. பாலூட்டிகளில் இதைச் செய்வதாக அறியப்பட்டது இது ஒன்றே.

எலிகளில் ராட்சத தாவும் எலி, முயல் அளவு. மேற்கே மெனாபே பகுதியில் ஒரு சிறு நிலத் துண்டில் மட்டும் இருக்கிறது. சாகும்வரை ஒரே இணை.

வௌவால்கள் பறந்து வரக்கூடியவை. கடல் அவற்றுக்குப் பெரிய தடையல்ல. அப்படியும் நாற்பதுக்கு மேற்பட்ட வௌவால் இனங்களில் முக்கால் பங்கு அங்கு மட்டுமே உள்ளவை. மைசோபோடா என்ற ஒரு குடும்பமே மடகாஸ்கருக்கு வெளியே இன்று கிடையாது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிறு வட்டத் திண்டுகள். அவற்றில் கசியும் ஈரத்தால் விசிறிவாழையின் வழுவழுப்பான இளங்குருத்தில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலான வௌவால்களுக்கு நேர்மாறாகத் தலை மேலே இருக்கும்படி உறங்கும். அதே விசிறிவாழையின் பூவைத் திறந்து தேன் குடித்து மகரந்தம் சுமப்பது கறுப்பு வெள்ளைக் குஞ்ச லெமூர். நம் ஊர்ப் பூங்காக்களில் அழகுக்கு வளர்க்கும் அந்தச் செடியின் பிறந்த வீட்டில் இப்படியொரு உறவு வலை.

பாடும் குடும்பம்

தலைநகர் அந்தனனரிவோவிலிருந்து கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் அந்தாசிபே மழைக்காடு. காலையில் பனிமூட்டம் கலையும் நேரத்தில் இந்திரிகள் பாடத் தொடங்கும். இன்றிருக்கும் லெமூர்களில் பெரியது இந்திரி. ஒன்பது கிலோவை நெருங்கும் எடை, கறுப்பும் வெள்ளையுமான உடல், பெயருக்கு மட்டும் ஒரு வால். ஆணும் பெண்ணும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து, ஒருவர் நிறுத்துமிடத்தில் இன்னொருவர் எடுத்து, நீள ஓலமாகக் குரல் கொடுப்பார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். இத்தாலிய, மலகாசி (மடகாஸ்கர் நாட்டு) ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பதிவு செய்து அளந்து 2021இல் வெளியிட்ட முடிவு: ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரம் ஒன்றுக்கு ஒன்று என்ற சம நடையிலும், ஒன்றுக்கு இரண்டு என்ற இரட்டிப்பு நடையிலும் அமைகிறது. மனித இசையில் இருக்கும் இந்தத் தாளக் கட்டு வேறொரு பாலூட்டியிடம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

அந்தப் பகுதி மக்கள் இந்திரியைக் கொல்ல மாட்டார்கள். அது தங்கள் மூதாதை என்பது நம்பிக்கை. அதைத் தொடுவது ஃபாடி, அதாவது விலக்கு. தெற்கே சிஃபாகா லெமூருக்கும் அப்படி ஒரு விலக்கு உண்டு. ஆய்-ஆய்க்கு வாய்த்த நம்பிக்கை எதிரானது: அதன் மெல்லிய விரல் யாரைச் சுட்டுகிறதோ அவர் சாவார் என்று பல ஊர்களில் கண்டதும் அடித்துவிடுவார்கள். அது அற்றுப்போய்விடுமோ என்று அஞ்சி, ஆய்வாளர் ஜான் ஜாக் பெத்தர் 1966இல் ஒன்பது ஆய்-ஆய்களை நோசி மங்காபே என்ற சிறு தீவுக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

காணாமல் போன பெரியவர்கள்

இன்று நாம் வியப்பது மிச்சத்தைத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு போயிருந்தால் தரையில் மேயும் குட்டை நீர்யானைகளையும், மரத்தில் தலைகீழாகத் தொங்கி நகரும் பெரிய லெமூர்களையும் பார்த்திருப்போம். ஆர்க்கியோஇந்த்ரிஸ் என்ற லெமூர் 160 கிலோ இருக்கும் என்று எலும்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம் காலத்துப் பெர்த் அம்மையார் சுண்டெலி லெமூர் 30 கிராம். உலகின் குரங்கு, லெமூர் கூட்டம் மொத்தத்திலும் சிறியது. ஒரே மூதாதையின் வாரிசுகளுக்குள் 5,000 மடங்குக்கு மேல் எடை வித்தியாசம். மலகாசி விஞ்ஞானி பெர்த் ரகோதோசமிமனனாவைப் பெருமைப்படுத்தச் சூட்டியது அந்தச் சுண்டெலி லெமூரின் பெயர்.

அழிந்த 17 லெமூர் இனங்களும் இன்றுள்ளவற்றைவிட உருவில் பெரியவை. பிரெஞ்சு ஆளுநர் எத்தியென் த ஃப்ளாக்கூர் 1658இல் வெளியிட்ட நூலில், கன்றுக்குட்டி அளவும் மனித முகமும் கொண்ட ஒரு பிராணியைப் பற்றி மக்கள் அச்சத்தோடு சொல்வதாக எழுதியிருக்கிறார். கடைசி ராட்சத லெமூரைக் கண்டவர்களின் பேச்சாக அது இருக்கக்கூடும் என்று பலர் கருதுகிறார்கள். போர்னியோ பக்கத்திலிருந்து படகேறி வந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் கலந்து உருவானது மலகாசி சமூகம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்ப்பு பரவி, மேய்ச்சலுக்காகக் காடு எரிந்து, வேட்டையும் சேர்ந்துகொண்ட காலத்தோடு பெரிய விலங்குகளின் வீழ்ச்சி பொருந்துகிறது. சில எலும்புகளில் கத்தி வெட்டுத் தடம் இருக்கிறது. எந்த மண்ணில் மனிதன் புதிதாகக் குடியேறினாலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது. மலகாசி மக்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

எஞ்சிய காடு

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020 ஜூலையில் பட்டியலைப் புதுப்பித்தபோது, 107 லெமூர் இனங்களில் 103 ஆபத்தில் இருந்தன. அவற்றில் 33 அழிவின் கடைசி விளிம்பில். 1953க்கும் 2014க்கும் இடையில் தீவின் இயற்கைக் காட்டில் 44 விழுக்காடு போய்விட்டது. இன எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு. சுண்டெலி லெமூர்களில் மட்டும் 26 என்று ஆகியிருந்த கணக்கை, மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்த சமீபத்திய ஆய்வொன்று 19 ஆகக் குறைத்தது. எப்படி எண்ணினாலும் காடு குறைவது குறைவதுதான்.

எரிப்பது யார்? பெரும்பாலும் அரை வயிற்றுக் கஞ்சிக்கு வழியில்லாத விவசாயி. காட்டை வெட்டிக் கொளுத்தி, சாம்பலில் மலைநெல் போடும் தாவி முறை கிழக்கில். மேற்கே மக்காச்சோளமும் நிலக்கடலையும். மூன்று கோடி மக்களைக் கொண்ட நாட்டில் நாலில் மூன்று பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. அடுப்புக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். தெற்கில் தொடர்ந்த வறட்சியால் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் மெனாபே காட்டோரம் வந்து குடிசை போட்டார்கள். பெர்த் அம்மையார் லெமூரும் தாவும் எலியும் வேறெங்கும் இல்லாத அதே மெனாபே. வந்தவர்களுக்கு அந்த ஊர் விலக்குகள் சொந்தமில்லை. பசிக்கும் பிள்ளைகள் மட்டும் சொந்தம். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

கோபத்துக்கு உரியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2009 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் சட்டம் படுத்துவிட்ட மாதங்களில் தேசியப் பூங்காக்களுக்குள் புகுந்து ஈட்டி மர வகையான ரோஸ்வுட்டை வெட்டிக் கப்பலேற்றினார்கள். பெரும்பகுதி சீனத்து மேசை நாற்காலிகளாயிற்று. 2016இல் கிழக்கே இந்திரி வாழும் காட்டுத் தொடருக்குள் நீலக்கல் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கல்லை வாங்கக் காத்திருந்தவர்களில் இலங்கை வணிகர்களும் இருந்தார்கள். ரத்தினக் கடைகளில் மடகாஸ்கர் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கும் நம்மவர்கள், அது எந்தக் காட்டின் அடிவயிற்றிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

2023 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு வேறு விதமாகக் கணக்குப் போட்டது. மனிதர் வந்தபின் அழிந்த பாலூட்டிகளின் இடத்தை இயற்கை தன் வழக்கமான வேகத்தில், புதிய குடியேற்றம், புதிய இனங்கள் என்று நிரப்ப வேண்டுமென்றால் 30 லட்சம் ஆண்டு ஆகும். இன்று ஆபத்தில் இருப்பவையும் போய்விட்டால் 2.3 கோடி ஆண்டு. இந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் ஆரம்பத்தில் சொன்ன பங்காளிக் கணக்குதான். ஆய்-ஆய் போனால் ஓர் இனம் குறைந்தது என்று எழுதிவிட முடியாது. அந்தக் கிளையில் அதற்கு அடுத்தது என்று உலகில் எதுவுமே இல்லை.

நல்லது நடக்காமல் இல்லை. மூங்கிலில் உள்ள சயனைடைத் தின்று செரிக்கும் பொன்னிற மூங்கில் லெமூர் 1986இல் ரனோமஃபானாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்த ஆய்வாளர்களில் ஒருவரான பாட்ரீசியா ரைட் அரசோடும் ஊராரோடும் பேசி, 1991இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அன்று வழிகாட்ட வந்த ஊர் இளைஞர்களின் அடுத்த தலைமுறை இன்று ஆய்வு உதவியாளர்கள். ஜோனா ரட்சிம்பசாஃபி போன்ற மலகாசி விஞ்ஞானிகள் உலக அரங்கில் தங்கள் நாட்டுக்காகத் தாங்களே பேசுகிறார்கள். அம்பலவாவுக்குத் தெற்கே அன்ஜா என்ற இடத்தில் முப்பது ஹெக்டேர் பாறைக்காட்டை ஊராரே காக்கிறார்கள். வளையவால் லெமூர்களைப் பார்க்க வருபவர்கள் தரும் கட்டணம் பள்ளிக்கும் நாற்றங்காலுக்கும் மீன் குட்டைக்கும் போகிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு 2012இல் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் வளையவால் லெமூர் எதையும் சமாளிக்கும் ஜாதி. உலகெங்கும் மிருகக்காட்சி சாலைகளில் குட்டி போட்டுப் பெருகுகிறது. இந்திரிக்கு அந்த வழியும் கிடையாது. பிடித்துக்கொண்டுபோய் வளர்க்கச் செய்த முயற்சிகள் எல்லாம் சீக்கிரமே சாவில் முடிந்தன. எந்தக் காட்சிசாலையிலும் இன்று ஓர் இந்திரி இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் பெறும். அதனால் அந்தாசிபேயில் மித்சின்ஜோ என்ற உள்ளூர்ச் சங்கத்தார் வேறு வேலை செய்கிறார்கள். துண்டு துண்டாகிவிட்ட காடுகளுக்கு நடுவே, தைலமரத்தை அல்ல, அந்தக் காட்டின் சொந்த மரங்களையே விதை பொறுக்கி நாற்றுவிட்டு நடுகிறார்கள். ஒரு துண்டில் பிறந்த இளம் இந்திரி இணை தேடி அடுத்த துண்டுக்குத் தாவிப் போக வேண்டும் என்றால், இடையில் அந்த மரங்கள் நிற்க வேண்டும்.